வெளியேறினார்களா, வெளியேற்றப்பட்டார்களா? காற்பந்து அரங்கில் தீச்சுடரும் பாதுகாப்பும்

(உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கான வாசிப்புக் கட்டுரை, வாய்மொழி, கட்டுரைப் பயிற்சிகளுக்கும் உதவும்)



சென்ற ஆண்டு வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்காக என் உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு ஒரு சிறு காணொளியைப் போட்டுக் காட்டினேன். காற்பந்து அரங்கு. ஆயிரக்கணக்கான ரசிகர்கள். நடுவில் பத்துப் பதினைந்து பேர் கையில் சிவப்புச் சுடர் எரிகிறது. புகை மேலே எழுகிறது. பாட்டும் கொட்டும் காதைப் பிளக்கின்றன.

"என்ன நடக்குது, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன்.

"ரசிகர்கள் நெருப்பு கொளுத்துறாங்க டீச்சர். செம சூப்பரா இருக்கு!" என்றான் ஒருவன்.

"அது ஆபத்து" என்றாள் இன்னொருத்தி.

"ஏன் ஆபத்து?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரு குரல்: "ஏன்னா அவங்களுக்கு ஒழுக்கம் இல்லை, டீச்சர்."

அடுத்த வாரம் அதே தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவர் இந்தோனேசியாவில் நடந்த துயரத்தைக் குறிப்பிட்டு, "கட்டுப்பாடற்ற ரசிகர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடியதால் 135 பேர் இறந்தனர்" என்று எழுதியிருந்தார். வாக்கியத்தில் பிழை இல்லை. எழுவாய், பயனிலை, சந்தி எல்லாம் சரி. நானும் சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டு, பக்கத்தில் 'நல்ல எடுத்துக்காட்டு' என்று எழுதிவிட்டேன்.

பிறகுதான் அந்தச் சம்பவத்தை முழுமையாக வாசித்தேன். இலக்கணம் சரியாக இருந்த அந்த வாக்கியத்தில் உண்மை இல்லை. இறந்தவர்கள் மேலேயே பழியைத் தூக்கிப் போடும் வாக்கியத்திற்கு நான் 'சரி' போட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தத் திருத்தத்தைத் திருத்தும் முயற்சி.

1. தீச்சுடர் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'ஃபிளேர்' என்று சொல்வதைத் தமிழில் தீச்சுடர் என்றோ ஒளிச்சுடர் என்றோ எழுதலாம். நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால், அது மத்தாப்பின் முரட்டு அண்ணன்.

தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் கம்பி மத்தாப்பு வாங்கிக் கொளுத்தியிருப்பீர்கள். அதில் எரிபொருளும் இருக்கிறது, அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் வேதிப்பொருளும் இருக்கிறது. நிறத்திற்கு உலோக உப்புகள் சேர்க்கிறார்கள். சிவப்புக்கு ஸ்ட்ரோன்டியம், பச்சைக்கு பேரியம். தீச்சுடரும் இதே கொள்கைதான். ஆனால் அது கொண்டாட்டத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. நடுக்கடலில் மாட்டிக்கொண்ட கப்பல், "நாங்கள் இங்கே இருக்கிறோம், காப்பாற்றுங்கள்" என்று தொலைவில் இருப்பவருக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. காற்றிலும் மழையிலும் அணையக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

இந்த நோக்கம்தான் அரங்கில் வினையாகிறது. தீச்சுடர் சுமார் 1,600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். இரும்பு உருகும் வெப்பநிலையே ஏறத்தாழ 1,540 டிகிரிதான். ஆக்சிஜனைத் தானே கொண்டுவருவதால் தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது. காலால் மிதித்து அணைக்கவும் முடியாது. பாலியஸ்டர் ஜெர்சி அணிந்து தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தின் நடுவில் அதைக் கொளுத்தினால் என்னாகும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். புகைக்குண்டு பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் அதன் உறையும் கொதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் புகையே போதும்.

கையில் பிடிக்கும் சுடரைவிடக் கொடியது, பாய்ந்து செல்லும் வகை. 1992 மார்ச்சில் பார்சலோனாவின் சர்ரியா அரங்கில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படிப் பாய்ந்த சுடர் பட்டு இறந்தான். 1993 நவம்பரில் வேல்ஸும் ருமேனியாவும் மோதிய ஆட்டத்தின்போது கார்டிஃப் நகரில் முதியவர் ஒருவர் இறந்தார். 2013 பிப்ரவரியில் பொலிவியாவின் ஒருரோ நகரில் 14 வயதுச் சிறுவன். மூவருமே ஆட்டம் பார்க்க வந்தவர்கள். யாரோடும் சண்டைக்குப் போனவர்கள் அல்லர்.

ஆகவே "ஏன் ஆபத்து?" என்ற கேள்விக்கு "ஒழுக்கம் இல்லை" என்பது விடையாகாது. "அணைக்க முடியாத நெருப்பை, விலகிச் செல்ல இடமில்லாத கூட்டத்தின் நடுவில் கொளுத்துவதால்" என்பதே விடை. தேர்வில் காரணம் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், குணத்தைச் சொல்லாதீர்கள்.

2. பக்கத்து நாட்டில் நடந்தது

இது ஐரோப்பாவில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2015 செப்டம்பர் 8ஆம் தேதி, மலேசியாவின் ஷா ஆலம் அரங்கில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம். மலேசியாவும் சவூதி அரேபியாவும் மோதின. அதற்கு ஐந்து நாள்களுக்கு முன்புதான் அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் மலேசியா 0-10 எனத் தோற்றிருந்தது. ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். சவூதி 2-1 என முன்னணியில் இருந்தபோது, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த நிலையில், ரசிகர் பகுதியிலிருந்து தீச்சுடர்களும் பட்டாசுகளும் திடலை நோக்கிப் பறந்தன. விளையாட்டாளர்கள் உள்ளே ஓடினார்கள். ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டது. பிறகு ஃபிஃபா அந்த ஆட்டத்தை 3-0 என சவூதிக்கு வழங்கியது.

கோபம் யார்மீது? தங்கள் நாட்டுக் காற்பந்து நிர்வாகத்தின்மீது. தண்டனை யாருக்கு? தங்கள் சொந்த அணிக்கு. 'தன் வினை தன்னைச் சுடும்' என்ற பழமொழிக்கு எடுத்துக்காட்டு தேடுபவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. 1989 செப்டம்பர் 3ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசில், சிலி அணிகள் மோதின. சிலி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. திடலில் ஒரு தீச்சுடர் வந்து விழுந்தது. சிலியின் கோல்காவலர் ரோபர்ட்டோ ரோஹாஸ் முகத்தில் இரத்தத்தோடு சாய்ந்தார். சிலி அணி திடலை விட்டு வெளிநடப்புச் செய்தது. எல்லாரும் ரசிகர்களைத் திட்டினார்கள். பிறகு படங்களைப் பார்த்தபோது சுடர் அவர்மேல் படவே இல்லை என்பது தெரிந்தது. கையுறைக்குள் மறைத்து வைத்திருந்த பிளேடால் அவரே கீறிக்கொண்டிருந்தார். ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை விதித்தது. 1994 உலகக் கிண்ணப் போட்டியிலும் சிலிக்கு இடமில்லாமல் போனது.

சுடரை வீசியது தவறுதான். ஆனால் முதலில் காதில் விழும் செய்தியே முழு உண்மை அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

3. நெரிசல் எப்படிக் கொல்கிறது?

'ஸ்டாம்பீட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வருவது மாட்டு மந்தை: ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடும் காட்சி. ஆனால் தமிழ்ச் செய்திகளில் நாம் பயன்படுத்தும் சொல் 'கூட்ட நெரிசல்'. இது எவ்வளவு பொருத்தமான சொல் என்பதை இந்தக் கட்டுரைக்காக வாசித்தபோதுதான் உணர்ந்தேன். ஏனென்றால் இத்தகைய சம்பவங்களில் பெரும்பாலோர் ஓடும்போது இறப்பதில்லை. நகர முடியாமல் இறக்கிறார்கள்.

ஒரு சதுர மீட்டர் இடத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். அதில் இரண்டு பேர் நின்றால் வசதி. நான்கு பேர் நின்றால் எம்ஆர்டி ரயிலில் காலை நேரம். ஐந்தைத் தாண்டினால் விருப்பப்படி திரும்ப முடியாது. ஆறு, ஏழு என்று போனால் கூட்டம் மனிதர்களின் கூட்டமாக நடந்துகொள்ளாது. தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளும். பின்னால் ஒருவர் லேசாகத் தள்ளினால் அது அலையாக முன்னால் போய்ச் சேரும். நெஞ்சு விரிய இடமில்லாதபோது மூச்சை உள்ளே இழுக்க முடியாது. நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் பலர்.

பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் தள்ளுவது கெட்ட எண்ணத்தால் அல்ல. முன்னால் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையால். அதனால்தான் நெரிசலில் 'யார் தள்ளியது?' என்பதைவிட 'எதற்காக அங்கே அத்தனை பேர் அடைக்கப்பட்டார்கள்?' என்ற கேள்வி முக்கியமாகிறது.

4. கதவுகளின் கதை

நான்கு நாடுகள், ஐந்து அரங்குகள். ஒவ்வொன்றிலும் கதவையும் வேலியையும் மட்டும் கவனியுங்கள்.

லிமா, 1964 மே 24. பெருவும் அர்ஜென்டினாவும் மோதிய ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டம். கோல் ஒன்று மறுக்கப்பட்டதும் சிலர் திடலுக்குள் ஓடினார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. மக்கள் படிக்கட்டுகள் வழியே இறங்கி வெளியேற ஓடினார்கள். கீழே இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. இறந்தவர்கள் 328 பேர்.

பிராட்ஃபர்ட், இங்கிலாந்து, 1985 மே 11. மரத்தாலான பழைய பார்வையாளர் பகுதி. பலகைகளின் இடுக்கு வழியே ஆண்டுக்கணக்கில் விழுந்து சேர்ந்த குப்பை கீழே கிடந்தது. அணையாத தீக்குச்சியோ சிகரெட்டோ அதில் விழுந்தது. தொடக்கத்தில் பலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான்கு நிமிடத்துக்குள் முழுப் பகுதியும் தீப்பிடித்தது. வந்த வழியே திரும்பிப் பின்பக்கம் ஓடியவர்கள் மூடிய கதவுகளிடம் சிக்கினார்கள். முன்பக்கம் திடலுக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள். காரணம், அந்தப் பகுதிக்கு முன்னால் வேலி இல்லை. இறந்தவர்கள் 56 பேர்.

ஹில்ஸ்பரோ, இங்கிலாந்து, 1989 ஏப்ரல் 15. லிவர்பூல், நோட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணிகளின் எஃப்ஏ கிண்ண அரையிறுதி. வெளியே கூட்டம் சேர்ந்ததும் காவல்துறை ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போனவர்களை எங்கே அனுப்புவது என்று யாரும் வழிகாட்டவில்லை. எல்லாரும் எதிரே தெரிந்த சுரங்கவழியில் நடந்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் திடலை மறித்து உயரமான வேலி. இந்த முறை திடலுக்குள் குதிக்க வழியில்லை. 97 பேர் உயிரிழந்தார்கள். கடைசி மரணம் 2021இல் நிகழ்ந்தது.

அக்ரா, கானா, 2001 மே 9. சில ரசிகர்கள் இருக்கைகளை உடைத்து எறிந்தார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. கதவுகள் பூட்டியிருந்தன. 126 பேர் இறந்தார்கள்.

மாலாங், இந்தோனேசியா, 2022 அக்டோபர் 1. கஞ்சுருஹான் அரங்கு. அரேமா அணி தன் பரம எதிரி பெர்சபாயாவிடம் 2-3 எனத் தோற்றது. ரசிகர்கள் சிலர் திடலில் இறங்கினார்கள். காவல்துறை திடலை நோக்கி மட்டுமல்லாமல், ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பகுதிகளை நோக்கியும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டது. கண் தெரியாமல், மூச்சு விட முடியாமல் மக்கள் கதவுகளை நோக்கி ஓடினார்கள். குறுகிய கதவுகள், சில மூடிக் கிடந்தன, சில பாதிதான் திறந்திருந்தன. 13ஆம் வாசலில் பலர் இறந்தார்கள். மொத்தம் 135 உயிர்கள். பிள்ளைகளும் அவர்களில் பலர். அரங்குக்குள் கண்ணீர்ப்புகையைக் கொண்டுவரவோ பயன்படுத்தவோ கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிமுறைகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

இன்னொரு விவரம்: கலவரம் வரும் என்று பயந்து, அன்று எதிரணி ரசிகர்களை அரங்குக்குள் விடவே இல்லை. ஆக, அங்கே இரு தரப்பு ரசிகர்கள் மோதிக்கொள்ளவே இல்லை. என் மாணவரின் வாக்கியம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16ஆம் தேதி, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது ரசிகர்களிடையே சண்டை மூண்டு, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். அங்கே ரசிகர்களின் மோதலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறைக்கவும் கூடாது. ஆண்டுதோறும் அந்த நாளில் இரத்த தான முகாம்கள் நடத்தி அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு 2025 ஜூன் 4 நினைவிருக்கும். பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசல்களுக்கு வெளியே, வெற்றிக் கொண்டாட்டத்தைப் பார்க்க வந்த 11 பேர் நெரிசலில் உயிரிழந்தார்கள். அங்கே தீச்சுடரும் இல்லை, எதிரணியும் இல்லை. வாசலும் கூட்டமும் மட்டும்தான்.

5. ஒரு சின்னக் கணக்கு

"தமிழ் வகுப்பில் கணக்கா?" என்று கேட்காதீர்கள். இந்தக் கணக்கு உயிரைக் காக்கும்.

விளையாட்டரங்கப் பாதுகாப்புக்காக பிரிட்டனில் 'பச்சை வழிகாட்டி' என்று அழைக்கப்படும் கையேடு ஒன்று உண்டு. அது சொல்லும் அளவு: சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்திற்கு 82 பேர் வெளியேறலாம். படிக்கட்டில் 66 பேர். தீ அபாயம் குறைந்த அரங்கு என்றால் எல்லாரும் 8 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்திற்குப் போய்ச் சேர வேண்டும். தீ அபாயம் அதிகம் என்றால் இரண்டரை நிமிடத்துக்குள்.

நம் கிளமெண்டி விளையாட்டரங்கை எடுத்துக்கொள்வோம். சுமார் 4,000 பேர் உட்காரலாம். 8 நிமிடத்தில் வெளியேற வேண்டுமானால் நிமிடத்திற்கு 500 பேர். 500ஐ 82ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.1. அதாவது எல்லா வாசல்களின் அகலத்தையும் கூட்டினால் குறைந்தது 6.1 மீட்டர் வர வேண்டும்.

காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கில் 55,000 இருக்கைகள். நிமிடத்திற்கு 6,875 பேர். சமதளமாக இருந்தால் சுமார் 84 மீட்டர் அகலம் தேவை. எல்லாரும் படிக்கட்டில் இறங்க வேண்டுமானால் சுமார் 104 மீட்டர்.

இப்போது பாதி வாசல்களைப் பூட்டிவிடுங்கள். 8 நிமிடம் 16 நிமிடமாகும். பிராட்ஃபர்டில் தீ கொடுத்த அவகாசம் நான்கு நிமிடம்கூட இல்லை. 'டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள்' என்று பயந்து பூட்டும் ஒரு பூட்டின் விலை இதுதான்.

6. எப்போதும் ஓடுவதுதான் சரியா?

'ஆபத்து என்றால் உடனே வெளியேறு' என்பதே நம் முதல் எண்ணம். ஆனால் 2015 நவம்பர் 13ஆம் தேதி பாரிஸில் பிரான்சும் ஜெர்மனியும் விளையாடிக்கொண்டிருந்தபோது, அரங்குக்கு வெளியே வெடிகுண்டுகள் வெடித்தன. ஆபத்து வெளியே இருந்தது. உள்ளே பல்லாயிரம் பேர். ஆட்டத்தை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் பலர் திடலில் இறங்கிக் காத்திருந்து, பிறகு கலைந்து போனார்கள். அன்று அவசரமாக எல்லாரையும் வெளியே விரட்டியிருந்தால் ஆபத்தை நோக்கியே அனுப்பியதாக ஆகியிருக்கும்.

அடுத்த ஆண்டு, 2016 மே 15ஆம் தேதி, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு அரங்கில் கழிவறையில் ஒரு பொருள் கிடந்தது. பார்க்க வெடிகுண்டு போலவே இருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ரசிகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாருக்கும் பெரிய காயமில்லை. பிறகு பார்த்தால், அது பாதுகாப்புப் பயிற்சிக்காகக் கொண்டுவந்த போலிக் குண்டு. பயிற்சி முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டார்கள்! இரண்டு நாள் கழித்து ஆட்டம் நடந்தது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் பல்லாயிரம் பேர் நெரிசலின்றி வெளியே வந்தார்களே, அதுதான் செய்தி.

இந்த இடத்தில் நம் இலக்கண வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேறு: தன்வினை. வெளியேற்று: பிறவினை. வெளியேற்றப்படு: செயப்பாட்டுவினை. ரசிகர்கள் வெளியேறுவதற்கு, அவர்களை வெளியேற்றும் பொறுப்புள்ள ஒருவர் இருக்க வேண்டும்: எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தவர், ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்பவர், சாவி வைத்திருப்பவர். ஹில்ஸ்பரோவிலும் கஞ்சுருஹானிலும் ரசிகர்கள் வெளியேற முயன்றார்கள். அவர்களை வெளியேற்றத்தான் ஆள் இல்லை.

7. சிங்கப்பூரில் நம் நிலை

'இங்கே இதெல்லாம் நடக்காது' என்று சொல்பவர்கள் உண்டு. நடக்காமல் இருப்பதற்குக் காரணம் நம் இரத்தத்தில் இல்லை. சட்டத்திலும் பயிற்சியிலும் இருக்கிறது.

ஒரு காலத்தில் இங்கும் பட்டாசு வெடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1970 சீனப் புத்தாண்டின்போது பட்டாசினால் 6 பேர் இறந்தார்கள். அதன்பின் கட்டுப்பாடுகள் வந்தன. 1972இல் முழுத் தடை வந்தது. 2018 தீபாவளியின்போது லிட்டில் இந்தியா வட்டாரத்தில் அனுமதியின்றி வாணவேடிக்கை நடத்தியதற்காகச் சிலர் நீதிமன்றம் போக நேர்ந்தது. 'எங்கள் பண்டிகைதானே' என்ற சமாதானம் எடுபடவில்லை. சுடர் ஒன்றைக் காற்பந்து அரங்குக்குள் எடுத்துப் போவதும் அப்படித்தான்.

ஜாலான் புசார் அரங்கில் 1929 முதல் ஆட்டங்கள் நடக்கின்றன. பழைய தேசிய அரங்கில் எழுந்த 'காலாங் முழக்கம்' பற்றி உங்கள் தாத்தாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். கண் விரியச் சொல்வார்கள். அந்த முழக்கத்துக்குத் தீச்சுடர் தேவைப்படவில்லை. தொண்டை போதுமானதாக இருந்தது.

நீங்கள் ஆட்டம் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை மிக எளியவை:

• உட்கார்ந்ததும் அருகிலுள்ள இரண்டு வெளியேறும் வழிகளைப் பாருங்கள். வந்த வழி மட்டுமே வழி அல்ல. பிராட்ஃபர்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

• அருகில் யாராவது சுடரைக் கொளுத்தினால் படம் எடுக்க நெருங்காதீர்கள். விலகி நின்று, அரங்கு ஊழியரிடம் தெரிவியுங்கள்.

• அறிவிப்பு வந்தால் பையைத் தேடாமல், ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திராமல் நகருங்கள். நடந்தால் போதும்.

• கூட்டம் இறுகினால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் செய்யுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். கீழே விழுந்தவரைத் தூக்கிவிடுங்கள்.

• தீ, மருத்துவ உதவிக்கு 995; காவல்துறைக்கு 999.

8. எழுதும்போது கவனிக்க வேண்டியது

ஹில்ஸ்பரோவுக்குத் திரும்புவோம். சம்பவம் நடந்தவுடனேயே பழி ரசிகர்கள்மேல் விழுந்தது. குடித்துவிட்டு வந்தார்கள், கதவை உடைத்தார்கள் என்று நாளிதழ்கள் எழுதின. காவல்துறை கட்டுப்பாட்டை இழந்ததே முதன்மைக் காரணம் என்று நீதிபதி டெய்லரின் அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்ட்டிலேயே சொல்லிவிட்டது. ஆனால் பழி போகவில்லை. இறந்தவர்களின் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2016இல்தான் மரண விசாரணை நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்றும் தீர்ப்பளித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், "உன் பிள்ளை செய்த தப்புதான்" என்ற சொல்லைச் சுமந்துகொண்டு 27 ஆண்டுகள் வாழ வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம் அவ்வளவு கனமாக இருக்கும்.

இப்போது மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்:

அ) கட்டுப்பாடற்ற ரசிகர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடியதால் 135 பேர் இறந்தனர்.

ஆ) கதவுகள் மூடப்பட்டிருந்ததால் 135 பேர் இறந்தனர்.

இ) காவல்துறை பார்வையாளர் பகுதிகளை நோக்கிக் கண்ணீர்ப்புகை வீசியது, வெளியே செல்லும் கதவுகளை நிர்வாகத்தினர் முழுமையாகத் திறந்து வைக்கவில்லை, வெளியேற முயன்றவர்கள் நெரிசலில் சிக்கி, 135 பேர் இறந்தனர்.

முதல் வாக்கியம் தவறான எழுவாயைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பாதி உண்மை. ஆனால் செயப்பாட்டுவினையின் பின்னால் கதவை மூடியவர் ஒளிந்துகொண்டார். மூன்றாவதில் ஒவ்வொரு வினைக்கும் அதைச் செய்தவர் இருக்கிறார். செயப்பாட்டுவினை தவறான வடிவம் அல்ல. செய்தவர் யாரென்று தெரியாதபோது அது தேவைப்படுகிறது. தெரிந்தும் மறைப்பதற்கு அதைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல்.

அதற்காக ரசிகர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்றும் எழுத வேண்டாம். ஷா ஆலமில் சுடர் வீசியவர்களுக்குப் பெயர் உண்டு: சுடர் வீசியவர்கள். அவர்களை அப்படியே எழுதுங்கள். 'ரசிகர்கள்' என்று மொத்தமாக எழுதும்போது, அதே அரங்கில் அமைதியாக உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களையும் சேர்த்துத் தண்டிக்கிறோம்.

பயன்படும் சொற்கள்

தீச்சுடர், புகைக்குண்டு, கண்ணீர்ப்புகை, கூட்ட நெரிசல், மூச்சுத் திணறல், பதற்றம், பீதி, வெளியேறும் வழி, வெளியேற்றம், ஒன்றுகூடும் இடம், அலட்சியம், பொறுப்புடைமை, முன்னெச்சரிக்கை.

'பீதி' என்ற சொல்லை மட்டும் எண்ணிப் பயன்படுத்துங்கள். மூச்சு முட்டும் ஒருவர் கதவை நோக்கி ஓடுவது பீதி அல்ல, இயல்பு.

கலந்துரையாடலுக்கு

1. பிராட்ஃபர்டில் வேலி இல்லாதது உயிர்களைக் காத்தது. ஹில்ஸ்பரோவில் வேலி உயிர்களைப் பறித்தது. அப்படியானால் ரசிகர்கள் திடலுக்குள் நுழைவதை எப்படித் தடுப்பது?

2. 'தீச்சுடர் எங்கள் ரசிகர் பண்பாட்டின் ஒரு பகுதி' என்று கூறும் நண்பருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

3. உங்கள் பள்ளி மண்டபத்தின் வாசல் அகலத்தை அளந்து, எல்லா மாணவர்களும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள். கிடைத்த விடையை ஒரு பத்தியில் விளக்குங்கள்.

4. அண்மையில் வாசித்த ஒரு விபத்துச் செய்தியில் எழுவாய் யார், செயப்பாட்டுவினை எங்கே வருகிறது என்று அடிக்கோடிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: மூன்றாம் வினாவை என் வகுப்பில் செய்து பார்த்தோம். அளவுநாடாவோடு போன மாணவர்கள் திரும்பி வந்து, "டீச்சர், ரெண்டு கதவுல ஒண்ணுக்கு முன்னால நாற்காலி அடுக்கி வச்சிருக்காங்க" என்றார்கள். அன்று பிற்பகலே நாங்கள் சேர்ந்து அந்த நாற்காலிகளை நகர்த்தினோம். அடுத்த தீப்பயிற்சியின்போது இரண்டு கதவுகளும் திறந்திருந்தன.

அந்தப் பழைய கட்டுரைத்தாளையும் மாணவரிடம் கேட்டு வாங்கினேன். நான் போட்ட 'சரி'யை அடித்துவிட்டு, "இது என் பிழையும்கூட. நாம் சேர்ந்து திருத்துவோம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் எழுதிக் கொண்டுவந்த புதிய வாக்கியம்தான் மேலே உள்ள 'இ'.